அம்மாவுக்கு ஆயின்மென்ட் வேணும் ஐயா, மாத்திரை இல்ல

ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம மருந்து கவுன்ட்டர்ல ஸ்கின் ஓபி சீட்டுக்கு நாலு மாசமா என்ன பதில் வருதுன்னு உங்களுக்கு தெரியாம இருக்காது. போன செவ்வாய்க்கிழமை டாக்டர் எங்க அம்மாவோட சொரியாசிஸுக்கு, அதாவது செதில் செதிலா படை வர்ற தோல் வியாதிக்கு, கால்சிபோட்ரியால்ங்கற வைட்டமின் டி வகை ஆயின்மென்ட் எழுதினார், ஒன்றரை மணி நேரம் வரிசைல நின்னு ஜன்னல் கிட்ட போனா "ஸ்டாக் இல்லம்மா, இதுவும் வைட்டமின் டி தான், வாரம் ஒண்ணு போடுங்க"ன்னு மாத்திரைய நீட்டுறாங்க, கூடவே தினமும் வெயில்ல நிக்க சொல்றாங்க.

ரெண்டும் ஒண்ணு இல்லைங்க ஐயா. சொரியாசிஸ்ல, ஒரு மாசத்துல மேல வர வேண்டிய தோல் செல்லு நாலஞ்சு நாள்லயே வந்து குவியுது, அத அடக்குற மருந்து அந்த எடத்துலயே படணும். 1985ல ஜப்பான்ல எலும்பு தேய்மானத்துக்கு வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருத்தருக்கு சொரியாசிஸ் மறைஞ்சு போச்சுன்னு டாக்டர்கள் எழுதினாங்க, ஆனா எல்லாருக்கும் வாய் வழியா அவ்ளோ குடுத்தா ரத்தத்துல கால்சியம் ஏறிரும், அதனாலதான் மேல பூசுற மருந்தா இது வந்துச்சு. 60,000 யூனிட் மாத்திரை வைட்டமின் டி கொறைஞ்சவங்களுக்கு, அம்மாவுக்கு அந்த டெஸ்ட்டே எடுக்கல. கொஞ்சம் வெயில் நல்லதுதான், ஆனா இந்த சித்திரை வெயில்ல தோல் வெந்துச்சுன்னா வெந்த எடத்துலயே புதுசா படை கெளம்பும்.

அம்மா இட்லி கடை வச்சிருக்காங்க. முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ள வெள்ளையா செதில். ஒட்டாத வியாதின்னு எத்தன பேருக்கு சொல்றது? ஒருநாள் ஒருத்தர் சட்னி ஊத்தப் போன கையப் பாத்துட்டு தட்ட அப்படியே பெஞ்சுல வச்சுட்டு எந்திரிச்சு போயிட்டார். அன்னைலேர்ந்து அம்மா புடவைக்கு மேல அப்பாவோட பழைய முழுக்கை சட்டைய போட்டுக்கிட்டுதான் அடுப்பு முன்னாடி நிக்கிறாங்க. ராத்திரி கழட்டும்போது துணியோட செதில் பிஞ்சு வந்து புள்ளி புள்ளியா ரத்தம் கசியும். காலைல நாங்க எந்திரிக்கறதுக்குள்ள பாய வெளிய கொண்டுபோய் உதறிடுவாங்க, உதிர்ந்தத நாங்க பாக்கக் கூடாதாம்.

நடுவுல ரெண்டு மாசம் வெறும் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் குடுத்தீங்க, விடாம பூசி முழங்கை மடிப்புல தோலு பேப்பர் மாதிரி ஆயிடுச்சு. சுகர் மாத்திரை ஒரு வாரம் இல்லன்னா ஊரே கேக்கும், தோல் வியாதிக்காரங்க மட்டும் வெக்கப்பட்டு வாய மூடிக்கிட்டு போயிடுவாங்கன்னு எல்லா எடத்துலயும் எங்கள கடைசில தள்ளுறாங்க, உயிரா போகுதுன்னு கேக்குறாங்க, பொழப்பு போகுதே ஐயா.

கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். கவுன்ட்டர்ல இருக்கற அக்கா மேல குத்தம் சொல்லல, இல்லாதத அவங்க எங்கேர்ந்து குடுப்பாங்க. தயவுசெஞ்சு கால்சிபோட்ரியால் ஆயின்மென்ட் வரவழைச்சு குடுங்க, லோக்கல் பர்ச்சேஸ்லயாவது வாங்குங்க. அது வர்ற வரைக்கும் இல்லன்னா இல்லன்னு சொல்ல சொல்லுங்க, வேற மருந்த அதுதான்னு குடுக்க வேணாம். வர்ற செவ்வாய்க்கிழமை அதே சீட்டோட அம்மாவ கூட்டிட்டு வர்றேன்.