கணப்பு விறகடுப்பின் தமிழ்க் கையேட்டில் உள்ள ஆபத்தான பிழை குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உறைபனிக் காலம் தொடங்கும் முன் வீட்டில் கணப்பு வேண்டுமென்று, கடந்த நவம்பரில் தங்களிடம் வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்றை வாங்கினேன். அடுப்பின் தரத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உடன் வந்த தமிழ்க் கையேட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

பற்றவைக்கும் முறையைச் சொல்லும் பக்கத்தில், "நெருப்பு மூட்டும் முன் டாம்பரை முழுவதும் மூடவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். டாம்பர் என்பது புகைக்குழாய்க்குள் இருக்கும், வெளியே உள்ள கைப்பிடியால் திறந்து மூடும் தகடு. அதே கையேட்டின் ஆங்கிலப் பகுதியிலோ அதை முழுவதும் திறக்கச் சொல்லியிருக்கிறது. ஆங்கிலம் படிக்காத என் தாயார், 71 வயதானவர், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தமிழில் இருந்ததை அப்படியே நம்பி, குழாயின் கைப்பிடியைக் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டுச் சீகைச் சுள்ளிகளைப் பற்றவைத்தார். சில நிமிடங்களில் கதவின் இடுக்குகள் வழியாகப் புகை பீறிட்டு அறை முழுவதும் நிறைந்தது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து சன்னல்களைத் திறந்துவிட்டு அவரை வெளியே அழைத்துச் சென்றிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே அஞ்சுகிறேன். கண்ணை உறுத்தும் புகையாவது ஆளை எச்சரித்து வெளியேற்றும். அதனுடன் கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது.

கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்பதைக் காட்ட அதன்மேல் ஓர் அம்புக்குறிகூட இல்லை. எங்கள் ஊர்க் குளிரில் இரவெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும் குழாய்க்குள் காற்று கனத்துக் கீழ்நோக்கி இறங்கும் என்பதால், முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் வாயருகே பிடித்து, சுடர் மேல்நோக்கி இழுபடுவதைப் பார்த்த பிறகே சுள்ளிகளைப் பற்றவைக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் அடுப்பைப் பொருத்த வந்த கொத்தனார்; கையேட்டில் ஒரு வரியும் இல்லை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் உள்ள விறகு புகையைப் பெருக்கிக் குழாயில் தார் படியச் செய்யும் என்பதும், அது பின்னர் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும் என்பதும் அதில் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கையைத் தமிழில் அடியோடு விட்டுவிட்டீர்கள். விறகு பிடிக்கவில்லையென்றால் ஒரு சொட்டு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது என்பதால், முதலில் சேர்க்க வேண்டிய வரி அதுவே.

சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுறுத்தல் தராமையால் நேரும் தீங்குக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கூறுகிறது. எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். திருத்திய தமிழ்க் கையேட்டை அச்சிட்டு, இந்த அடுப்பை வாங்கிய ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேரும்வரை அவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தமிழிலேயே எச்சரிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அடுப்புகள் எரிந்துகொண்டிருப்பதால் 15 நாட்களுக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். பிழையுள்ள பக்கத்தின் நகலையும் வாங்கிய ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்