அது கழன்று போகவில்லை, செல்வி

அன்புள்ள செல்வி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, நீ திட்டுவாய், திட்டிக்கொள். முட்டி வலி தேவலையா? சேகர் கல்யாணத்துக்கு வராதது என் தப்புதான், அவனிடமே பேசிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளூ வைரஸைத் தடுக்க நாங்கள் வடிவமைத்த குட்டிப் புரதம் செவ்வாய்க்கிழமை ராத்திரி வைரஸின் புரதத்தில் ஒட்டிக்கொண்டது!

ஃப்ளூ வைரஸின் மேல் ஹீமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் முள் மாதிரி நிற்கும். அதன் தலை அடிக்கடி மாறும், தண்டு அவ்வளவாக மாறாது. செல் வைரஸை விழுங்கியதும் உள்ளே அமிலத்தன்மை ஏறும். உடனே தண்டு உருமாறி வைரஸ் சவ்வையும் செல் சவ்வையும் ஒன்றாக்கிவிடும். தண்டில் இருக்கும் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார ஒரு குட்டிப் புரதம் இருந்தால், தண்டால் உருமாறவே முடியாது. 2011-இல் புரத வடிவமைப்பாளர் டேவிட் பேக்கரின் குழு அப்படி ஒன்றைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துச் செய்து காட்டியது. 2020-இல் கொரோனா வைரஸின் முள்ளான ஸ்பைக்கை மறிக்க எல்சிபி1 என்ற குட்டிப் புரதத்தைச் செய்தார்கள். மொத்தமே 56 அமினோ அமிலங்கள்! ஓர் ஆன்டிபாடியில் 1300-க்கு மேல் இருக்கும். சின்னதாக இருப்பதால் பாக்டீரியாவிலேயே வளர்த்து எடுக்கலாம்.

நாங்கள் குறிவைத்ததும் அந்தப் பள்ளத்தைத்தான். சென்சர் நுனியில் ஹீமக்ளூட்டினினைப் பிடித்து வைத்து, எங்கள் புரதக் கரைசலில் முக்கினால், ஒட்டும்போது திரையில் கோடு ஏறும். அப்புறம் புரதம் இல்லாத வெறும் பஃபர் கரைசலில் முக்குவோம். அங்கேதான் இத்தனை நாளும் மனசு உடைந்தது. ஏறின கோடு சரசரவென்று இறங்கிவிடும். செவ்வாயன்று ஏறிய கோடு இறங்கவே இல்லை. பத்து நிமிஷம் மட்டமாகவே போயிற்று. நான் நாற்காலியில் உட்காரக்கூட மறந்து நின்றேன். மறுநாள் எங்கள் புரதத்தை 95 டிகிரி வரை சூடாக்கினோம், அப்போதும் அதன் சுருள்கள் குலையவில்லை. ஜிக்ஸா அட்டையில் கடைசித் துண்டைத் தொலைத்தவளே, நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒட்டுவது வேறு, நுழைவைத் தடுப்பது வேறு. தடுத்தாலும் வைரஸ் சும்மா இருக்குமா? ஒமைக்ரான் வந்தபோது ஸ்பைக்கில் சில இடங்கள் மாறின, அவ்வளவு அழகான எல்சிபி1-இன் பிடி நழுவிவிட்டது. வேறொரு குட்டிப் புரதத்தின் மூன்று பிரதிகளைக் கோத்து, ஸ்பைக்கின் மூன்று கைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்கிற மாதிரி செய்ததுதான் ஒமைக்ரானிடமும் வேலை செய்தது. எங்களுடையதையும் அப்படிக் கோக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். குழுவில் பாதிப்பேர் அவசரம் வேண்டாம் என்கிறார்கள். உன் அம்மாவின் கடைசி வாரம் ஐசியு வாசலில் நாம் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், அவசரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செல்களில் சோதித்த முடிவு வியாழக்கிழமை வரும். எந்த நேரமானாலும் ஃபோன் பண்ணுவேன், எடு.

உன்,
மீனா