புற்றுநோய்ப் பதிவில் தொழில், குடியிருப்பு விவரம் சேர்க்கவும் திசு மாதிரிகளை முறையாகக் காக்கவும் கோரிக்கை மனு

பெறுநர்
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: புற்றுநோய்க் காரணி ஆய்வுக்கான அடிப்படைத் தரவு – ஆணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

புற்றுநோய்ப் பதிவில் நோயாளியின் தற்போதைய முகவரியும், தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்ற ஒரு சொல்லும் காரணம் தேடுவோருக்கு உதவாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்தவருக்கு, பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளிப்படவே பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஆலையும் மூடியிருக்கும், அவரும் ஊர் மாறியிருப்பார். ஆகவே இதுவரை வாழ்ந்த இடங்கள், அங்கங்கே குடித்தது கிணற்று நீரா குழாய் நீரா, என்ன வேலை, எந்தப் பொருளைச் சுமந்தார் அல்லது கரைத்தார் என்று கேட்கும் ஒரு பக்கப் படிவம் வேண்டும். நோயில்லாதவர்களிடமும் இதே கேள்விகளை இதே முறையில் கேட்க வேண்டும். நோய் வந்தவர் பழையதைத் துருவித் துருவி நினைவுகூர்வார். மற்றவர் அப்படிச் செய்வதில்லை. இந்த வேறுபாடே பொய்த் தொடர்பு ஒன்றைக் காட்டிவிடும்.

சில காரணிகள் கட்டியிலேயே தடம் விட்டுச் செல்கின்றன. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கலந்த தானியத்தை உண்டவர்களின் கல்லீரல் கட்டியில் கட்டி உருவாவதைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் 249ஆம் கோடானில் (மூன்றெழுத்துக் குறியில்) ஜி என்ற டிஎன்ஏ எழுத்து டி ஆக மாறியிருப்பது அடிக்கடி காணப்படுகிறது. ஆர்செனிக்குக்கு இவ்வளவு தெளிவான தடம் கிடையாது. சிறுநீரைச் சோதித்தாலும் கடைசிச் சில நாட்களில் உட்கொண்டதுதான் தெரியும். அங்கே படிவமும் கிணற்று நீர்ப் பரிசோதனையும்தான் கை கொடுக்கும்.

தடத்தைப் படிக்கத் திசு கெடாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது அறுவை அரங்கின் வாசலில்தான். வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள், திசுவைப் போல் பத்து மடங்கு அளவுள்ள பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பொருள்) கலந்த 10 விழுக்காடு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் கரைசலில் இட்டு, 6 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பஃபர் இல்லாத ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி டிஎன்ஏவைத் துண்டாக்குகிறது. ஃபார்மலினில் அதிக நாள் ஊறினால் சி என்ற டிஎன்ஏ எழுத்து டி ஆக மாறியதுபோன்ற போலி மாற்றங்களும் தோன்றும். புற ஊதாக் கதிர் விடும் தடமும் சி, டி ஆவதுதான் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

கூடவே 5 மில்லி இரத்தமும் தேவை. அது இல்லையேல், மார்பக, சூலகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணுவில் உள்ள பிழை பிறவியிலேயே வந்ததா, கட்டியில் மட்டும் உண்டானதா என்று பிரித்தறிய முடியாது. இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுப்பதால், இடிடிஏ என்ற வேறொரு உறைவுத்தடுப்பி உள்ள குழாயிலேயே எடுக்க வேண்டும். சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைத்தால், ஒவ்வொரு சோதனைக்கும் முழுவதையும் உருக்க நேராது.

பிறவிப் பிழை என்றால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே மாதிரி எடுக்கும் முன்பே ஆலோசனையும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கட்டாயமாக வேண்டும். முடிவு எதுவும் வேலை கொடுப்பவருக்கோ காப்பீட்டாருக்கோ போகக் கூடாது என்பதை ஆணையிலேயே குறிப்பிட வேண்டுகிறோம்.

மேற்கண்ட படிவத்தையும் மாதிரி கையாளும் முறையையும் எல்லாப் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கும் பொதுவாக்கி ஆணை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புற்றுநோய்க் காரணி ஆய்வில் ஈடுபட்டுள்ளோர்