பொருள்: கிரீஸ் கார் பயணத்தில் நீங்கள் பிடித்துக்கொண்ட 420 யூரோ

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஜூன் மாதம் தெற்கு கிரீஸைச் சுற்றும் உங்கள் பெலோபொனீஸ் பேக்கேஜில் ஏழு நாள் கார் எடுத்தவன் நான். ஏதென்ஸ் விமான நிலையத்தில் வண்டி, நாஃப்பிலியோ, கலமாட்டா, மானி, மொனெம்வசியா, 'முழுக் காப்பீடு'. உங்களுக்கே தெரியும். நான்காம் நாள் மானியில் வாத்தியா என்ற ஊரின் கல்கோபுர வீடுகளைப் பார்க்கப் போகும் வழியில், எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கியபோது கல் குத்தி டயரின் பக்கவாட்டு கிழிந்தது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் அடைக்கும் திரவ பாட்டில்தான் இருந்தது. பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது என்று கார் வாடகைக்கு விடுகிற உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் 24 மணி நேர உதவி எண்ணில் பேசியவரை மறக்கவே முடியாது. "ஓட்டத் தெரியாதவங்களுக்குத்தான் டூர் பஸ் இருக்கே சார்" என்றார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எத்தனையோ முறை ஏறி இறங்கியவன் நான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் முறையாக வாங்கித்தான் போனேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வெயிலில் பாறைமேல் உட்கார்ந்திருந்த என் மனைவியும் அதைக் கேட்டாள்.

கலமாட்டா கிளைக்குப் போகச் சொன்னவரும் அவர்தான். இழுவை வண்டிக்கு 180 யூரோ கொடுத்து, மலைப்பாதையில் வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தால் ஷட்டர் மூடிக் கிடக்கிறது. புதன்கிழமை மதியத்துக்கு மேல் இங்கே பல கடைகள் திறக்காது என்றார் பக்கத்துக் காபிக் கடைக்காரர். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் புது டயருக்கு 140 யூரோ, அதுவும் என் காசு.

மொனெம்வசியா போச்சு. கடலில் நிற்கும் அந்தப் பாறை ஊருக்காகத்தான் இரண்டு வருஷம் பணம் சேர்த்தோம். மொத்தப் பயணமும் பாழ். அப்புறம், சொல்ல மறந்தேன்: வண்டி வாங்கும்போதே அந்த டயர் தேய்ந்திருந்ததைப் போட்டோ எடுத்து உங்கள் ஆளிடம் காட்டினேன். "அதெல்லாம் ஓடும்" என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு, முன்பணம் 900 யூரோவில் 420-ஐ 'டயர் சேதம், நிர்வாகக் கட்டணம்' என்று பிடித்திருக்கிறீர்கள். நான் புதிதாக மாட்டிக் கொடுத்த டயரில் என்ன சேதம்?

சண்டை போட எனக்கு ஆசையில்லை. உங்கள் வேலைச்சுமையும் புரிகிறது. தயவுசெய்து 15 நாளுக்குள், பிடித்த 420, இழுவை வண்டி 180, டயர் 140 என மொத்தம் 740 யூரோவைத் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் பிடித்த பணத்தை எதிர்த்து வங்கியிலும் எழுதிக் கொடுப்பேன்.

ரசீதுகளும் அந்த டயர் போட்டோவும் இணைத்துள்ளேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் பதில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்று மாதமாகக் காத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர்