பொருட்காட்சியில் ஒட்டகச் சவாரி விடுபவர்களுக்கு

சேலத்தில் பொருட்காட்சி நடத்தும் அண்ணன்மாருக்கு வணக்கம்.

போன கோடையில் நம் ஊர் மைதானம் ஒன்றில் அந்த ஒட்டகத்தைப் பார்த்தேன். ஜல்லி பரப்பிய தரை. ஒவ்வொரு பிள்ளையை ஏற்றி இறக்கும்போதும் மண்டியிட்டு மண்டியிட்டு, முன்முழங்காலில் தோல் உரிந்திருந்தது. மஞ்சளை அப்பி, மேலே குஞ்சம் கட்டி மறைத்திருந்தார்கள். சவாரிக்கு அடம் பிடித்த என் மகளுக்கு அந்தக் காலைக் காட்டினேன். சரி, வேண்டாம்ப்பா என்றாள்.

ஒட்டகச் சவாரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிற சாம் மணல்மேட்டில் ஒரு சாயங்காலம் ஆசை தீரப் போய் வந்தவன் நான். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதலில் நிமிரும். குப்புற விழப்போன என்னை ஒட்டகக்காரர் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார். ஒரு பக்கத்துக் கால் இரண்டையும் சேர்த்தே எடுத்து வைப்பதால், நடை தொட்டில் மாதிரி ஆடுகிறது. இறங்கியதும் என் கால் கணுக்கால் வரை புதைந்தது. அதன் பாதமோ அகலமாக விரிந்து மணல் மேலேயே நின்றது. இரண்டே விரல், அடியில் மெத்தென்ற திண்டு. மணலுக்கென்றே அமைந்த கால்.

அந்தக் காலைத்தான் சித்திரை வெயிலில் கொதிக்கிற தார்ச்சாலையில் நடத்துகிறீர்கள். அடுத்து ஏற்காட்டுக்கும் கொண்டுபோவதாகக் காதில் விழுந்தது. தயவுசெய்து வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவையும் அது லாரியில் தள்ளாடிக்கொண்டே கடக்க வேண்டும். மேலே ஒரு மழை பெய்தால் சேறு, அதில் அந்தப் பாதத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. மாட்டு ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய் வேறு இருக்கிறது.

2012 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 4 லட்சம் ஒட்டகம் இருந்தது. 2019-ல் இரண்டரை லட்சம்தான். மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது, வண்டி இழுக்கிற வேலையும் டிராக்டருக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பதையாவது நோகாமல் வைத்திருக்க வேண்டாமா?

வருகிற ஆடித் திருவிழாவுக்கு ஒட்டகம் பேசாதீர்கள். முன்பணம் கொடுத்தாயிற்று என்றால் தரையில் மணல் கொட்டுங்கள், பந்தல் போடுங்கள், பிள்ளைகள் ஏற மேடை கட்டுங்கள். தாகமெடுத்த ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கும், ஒரு வாளித் தண்ணீர் எந்த மூலைக்கு? முழங்காலில் புண் தெரிந்தால் அன்றைக்கே சவாரியை நிறுத்திக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மணல் கொட்டுகிற அன்றைக்குச் சொல்லி அனுப்புங்கள். மண்வெட்டியோடு நானும் வருகிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தகப்பன்