டாட்ஜர்ஸ் திகட்டுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் பற்றித் தமிழில் செய்தி வருவதே அபூர்வம். வந்தாலும் அது லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியைப் பற்றியோ அதன் நட்சத்திர வீரர் ஷோஹெய் ஓதானியைப் பற்றியோதான் இருக்கும். 2024, 2025 இரண்டு ஆண்டும் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிப் பட்டத் தொடரை வென்றது அந்த அணிதான். 1998 முதல் 2000 வரை நியூயார்க் யாங்கீஸ் வரிசையாக மூன்று முறை வென்றபின், வேறு யாரும் பட்டத்தைத் தக்கவைத்ததில்லை. 'போதும்பா இந்த டாட்ஜர்ஸ்' என்று மற்ற ஊர் ரசிகர்கள் அலுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அலுப்புக்கு அவர்கள் காட்டும் காரணம் பெரும்பாலும் தப்பான இடத்தைச் சுட்டுகிறது.

ஓதானியின் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடி தள்ளிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 20 லட்சம் மட்டும் இப்போது கைக்கு வரும். மீதி 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடியாக, வட்டியில்லாமல். சம்பளம் எல்லை தாண்டும் அணி லீக்குக்குக் கட்ட வேண்டிய வரியை ஏய்க்கும் வழி இது என்கிறார்கள். வட்டியில்லாமல் பத்தாண்டு கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு. அப்படிக் கழித்துப் பார்த்தால் ஒப்பந்தம் ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடி டாலர். சம்பள வரிக் கணக்கில் ஏறுவதும் அதே தொகைதான். தள்ளிவைத்த பணத்துக்கு ஈடாக ஆண்டுக்குச் சுமார் 4.4 கோடியை அணி தனியே ஒதுக்கியும் ஆகவேண்டும். எல்லா அணிகளுக்கும் திறந்திருக்கும் வழி இது. குறை சொல்ல வேண்டிய இடம் வேறு.

பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, வரி மட்டுமே உண்டு. 2025-இல் வரி தொடங்கும் எல்லை 24.1 கோடி டாலர். மூன்றாவது ஆண்டாகவோ அதற்கு மேலோ தொடர்ந்து எல்லை தாண்டும் அணி, எல்லைக்கு மேற்பட்ட முதல் 2 கோடிக்கு 50 சதவீதம், அடுத்த 2 கோடிக்கு 62, அதற்கடுத்த 2 கோடிக்கு 95, அதற்குமேல் ஒவ்வொரு டாலருக்கும் 110 சதவீதம் கட்ட வேண்டும். அந்தக் கடைசிப் படியில் நிற்கும் அணி 3 கோடி சம்பளத்தில் ஒரு பிட்சரை (பந்தெறிபவரை) எடுத்தால், வரியோடு சேர்த்து 6.3 கோடி ஆகிறது. மில்வாக்கி போன்ற ஒரு சின்ன ஊர் அணிக்கு இது நினைத்தும் பார்க்க முடியாத செலவு. டாட்ஜர்ஸுக்கு வலிக்கும், ஆனால் தாங்கும்.

எப்படித் தாங்குகிறது? உள்ளூர் தொலைக்காட்சிப் பணம்தான். தேசிய ஒளிபரப்பு வருமானத்தை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. உள்ளூர் ஒளிபரப்பு அவரவர் பேரம். டாட்ஜர்ஸ் 2014-இல் தொடங்கிய ஒப்பந்தம் 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர். சராசரியாக ஆண்டுக்கு 33 கோடிக்கு மேல். உள்ளூர் நிகர வருமானத்தில் 48 சதவீதத்தை ஒவ்வோர் அணியும் பொதுவில் போட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் டாட்ஜர்ஸின் முந்தைய உரிமையாளர் காலத்துத் திவால் வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டால், அந்தத் தொலைக்காட்சித் தொகை முழுவதுமாகப் பொதுக் கணக்குக்கு வருவதில்லை. அதேசமயம் பல அணிகளின் உள்ளூர் ஒளிபரப்பை வைத்திருந்த நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. அந்த ஆண்டு மே கடைசியில் சான் டியேகோ அணியின் ஆட்டங்களை லீக்கே எடுத்து ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் நிச்சயமான பணம், மறுபக்கம் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற நிலை. இதைத்தான் ரசிகர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்தது காட்சிப்படுத்தல். 2024 சீசன் சியோலில் தொடங்கியது. 2025 சீசன் டோக்கியோவில். இரண்டு முறையும் களத்தில் டாட்ஜர்ஸ். தேசிய அலைவரிசைகளும் பெரிய ஊர் அணிகளையே பொறுக்கி எடுக்கின்றன. சின்ன ஊர் ரசிகர் சந்தா கட்டினாலும், உள்ளூர் உரிமை காரணமாகத் தன் சொந்த அணியின் ஆட்டமே அவருக்குத் தடைபடுவதுண்டு. வேறு யாருடைய ஆட்டமோ தாராளமாகத் தெரியும். திகட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் லீக்கின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2023-இல் டெக்சாஸும் அரிசோனாவும் மோதிய வேர்ல்ட் சீரிஸை அமெரிக்காவில் ஆட்டத்துக்குச் சராசரியாக 91 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டாட்ஜர்ஸ், யாங்கீஸ் மோதியபோது அது 1.58 கோடி. வெறுப்பவர்களும் பார்க்கிறார்கள், தோற்பதைப் பார்க்கவாவது. ஒளிபரப்பாளருக்கு இரண்டும் ஒரே கணக்குதான்.

களத்தில் நடப்பதோ இன்னும் சுவையானது. 2025-இல் மில்வாக்கி 97 ஆட்டம் வென்று லீக்கிலேயே முதலிடம். டாட்ஜர்ஸ் வென்றது 93. வழக்கமான சீசனில் இருவரும் ஆறு முறை மோதினார்கள், ஆறும் மில்வாக்கிக்கே. பிறகு பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் அதே அணி டாட்ஜர்ஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது, ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரன் வீதம் எடுத்து. கடைசி ஆட்டத்தில் ஓதானி பிட்சராகப் பத்துப் பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கி, பேட்டராக மூன்று ஹோம் ரன் அடித்தார். காசு வாங்கித்தந்த வெற்றி என்று ஒரே வரியில் முடிப்பவர்கள், அதே காசு முந்தைய ஆறு ஆட்டங்களில் எங்கே போயிற்று என்று சொல்வதில்லை.

தற்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் கேட்கும். வீரர்கள் சங்கம் எதிர்க்கும். 1994-இல் இதே சண்டையில் வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. உச்சவரம்பு வந்தாலும், இவ்வளவாவது சம்பளம் தர வேண்டும் என்ற கீழ்வரம்பு இல்லாவிட்டால், பொதுவில் பிரித்துத் தரும் பங்குப் பணத்தை வாங்கி உரிமையாளர் பையில் போட்டுக்கொள்ளும் அணிகள் அப்படியேதான் இருக்கும். உள்ளூர் ஒளிபரப்பைப் பொதுவில் விற்பதுதான் உண்மையான மருந்து என்பது என் கருத்து. பெரிய அணிகள் லேசில் சம்மதிக்கமாட்டா.

நம் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: வாரம் ஒருமுறை, 30 அணிகளும் பிரிந்து ஆடும் ஆறு பிரிவுகளிலும் முதல் இரண்டு இடத்தில் இருக்கும் அணிகளை, வெற்றி தோல்வியோடு போடுங்கள். மொத்தம் பன்னிரண்டு வரிதான்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் வாசகர்