உபதேசியார் வீட்டு அலமாரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகங்களைப் பற்றி எழுதும் பகுதியை விடாமல் படிக்கிறேன். சென்ற வாரம் ஒருவர், கிறிஸ்தவர்கள் வேதாகமத்தைத் தாண்டி எதையும் வாசிப்பதில்லை, வாசித்தாலும் அது ஜெபப் புத்தகமாகத்தான் இருக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். பாதி உண்மைதான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினால் அவருக்கு மறுப்புச் சொல்ல வாய் வராது. கடன் தீர ஜெபம், ஆசீர்வாதம் பெற வழிகள், மேல்நாட்டுப் பிரசங்கங்களின் அவசர மொழிபெயர்ப்பு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்காக இந்தக் கடிதம்.

என் அப்பா கிராமத்து உபதேசியார், அதாவது சபையில் ஜெபமும் போதனையும் நடத்துபவர். நாவல் என்றாலே எங்கள் வீட்டில் ‘உலகப் புத்தகம்’. அலமாரியில் இடம் பெற்றவை வேதாகமம், பாமாலை, கீர்த்தனைப் புத்தகம், அப்புறம் மோட்சப் பிரயாணம். கடைசியில் சொன்னதும் ஒரு கதைப் புத்தகம்தானே என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. எழுதிய ஜான் பனியன், ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த ஆங்கிலேயர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். முதல் பாகம் 1678-ல் வெளிவந்தது.

அதில் சந்தேகக் கோட்டை என்று ஓர் இடம் வரும். புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வரை, ஒரு வாய்ச் சோறு தண்ணீர் இல்லாமல் மோட்சத்துக்குப் புறப்பட்ட கிறிஸ்தியானும் அவன் கூட்டாளியும் நிலவறையில் அடைபட்டுக் கிடப்பார்கள். அவர்களை அடைத்து வைத்த ராட்சதன் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கையில் பெண்டாட்டியிடம் யோசனை கேட்டுக்கொண்டு, காலையில் வந்து அதன்படியே நடந்துகொள்வான்! கடைசியில், கோட்டைக் கதவுகளைத் திறக்கும் சாவி தன் மார்பிலேயே இருந்தது கிறிஸ்தியானுக்கு நினைவுக்கு வரும். ஐயர்மார் (எங்கள் சபைப் போதகர்கள்) பிரசங்கத்தில் அந்தச் சாவியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது அந்த ராட்சத தம்பதியின் ராத்திரிப் பேச்சு. மனிதரை மனம் உடைய வைப்பதற்கு ஒரு வீட்டில் எவ்வளவு சாவகாசமாகத் திட்டம் போடுகிறார்கள் என்று இப்போது படித்தாலும் பகீர் என்கிறது.

இதே கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-ல் கிறிஸ்தவரானவர். இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் நூலாக வந்தது, 3,766 பாடல்கள். முழுவதையும் நான் ரசித்தேன் என்று சொன்னால் பொய். சில படலங்கள் உரை இல்லாமல் நகரவே நகராது. ஆனால் இயேசுவைக் கட்டி இழுத்துவந்து தீர்ப்புச் சொல்லும் பகுதி என்னை ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் பிடித்து உட்கார வைத்துவிடும். அவர் எழுதிய ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாட்டு எங்கள் கோயில்களில் இன்றும் பாடப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சி வாசல் தெளிக்கும்போது அதில் வரும் ‘எனக்கு யார் துணை யார் உறவே’ என்று இழுத்துப் பாடுவாள். அது ஒரு பெரும் புலவர் எழுதிய பாட்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவள் ராகத்தை மாற்றியிருக்க மாட்டாள்.

தேம்பாவணிக்கு என்னைக் கொண்டுபோனது என் பேத்தியின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பாடிய காப்பியம் அது. வேதாகமத்தில் யோவான் ஸ்நானகன் தன் தாயை அடக்கம் செய்யும் காட்சி கிடையாது. இவர் அதை விரிவாகப் பாடுகிறார். காட்டில், துணைக்கு ஆள் இல்லாமல், கருணையன் என்று இவர் பெயரிட்ட அந்தப் பிள்ளை குழியில் பூவைப் படுக்கையாகப் பரப்பி, எலிசபெத்தின் உடலைக் கிடத்தி, ‘பூவோடு அழுங்கணீர் பொழிந்தான் மீதே’: பூவோடு கண்ணீரையும் மேலே பொழிந்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்று குழிமேட்டில் நின்று பூவும் பிடிமண்ணும் போட்டவள் நான். ஐயர் வாசித்த ஜெபம் எதுவும் அன்று காதில் விழவில்லை. பேத்தி தேர்வுக்காக அந்தச் செய்யுளைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தபோதுதான், வருஷங்கள் கழித்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்துபோய், “ஆச்சி, இது வெறும் அஞ்சு மார்க் பாட்டு” என்றாள்.

இதுவரை சொன்னவற்றை எங்கள் சபையில் சொன்னால் தலையாட்டுவார்கள். பாமாவின் கருக்கு என்றால் முகம் மாறும். 1992-ல் வந்த அந்தத் தன்வரலாற்றை நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்த காலத்தில், மதிய இடைவேளைகளில் படித்தேன். பனை மட்டையின் கூர்விளிம்பான கருக்கு கையை எப்படிக் கிழிக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் சாதி எப்படி ஆலயத்துக்குள்ளும் கன்னியர் மடத்துக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதை, அங்கே இருந்துவிட்டு வெளியேறியவர் எழுதியது. பெண்கள் ஐக்கியத்தில் இதை வாசிக்கலாமே என்றேன். “நம்மளப் பத்தி வெளியே தப்பா நினைக்க மாட்டாங்களா?” என்றார்கள். வெளியே எல்லோருக்கும் தெரியும், நமக்குத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்றேன். அடுத்த கூட்டத்துக்கு வேறு புத்தகம் தேர்வானது. எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு. தீர்க்கதரிசிகள் சொந்த ஜனங்களைத் திட்டியதை ஆராதனையில் பயபக்தியாக வாசிக்கிறோம்; நம் காலத்தில் ஒருத்தி எழுதினால் மட்டும் கசக்கிறது.

ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகையும் சொல்ல வேண்டும். கட்டுமரத்தோடு நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேருக்குப் பக்கத்தில் ஒரு பிரசங்கியாரும் இல்லை, ஆனாலும் அந்த நாவல் முழுக்க ஜெபமாக எனக்குப் பட்டது. என் பிரதியை எங்கள் ஐயரம்மா வாங்கிப் போயிருக்கிறார்கள். நல்ல அறிகுறி என்று விட்டுவிட்டேன்.

பதிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: இரட்சணிய யாத்திரிகத்தில் நல்ல பகுதிகளைத் தேர்ந்து, எளிய உரையோடு, கைக்கடக்கமாக, நூறு இருநூறு ரூபாய்க்குள் போடுங்கள். கோயில் கடையிலும் வையுங்கள், ஊர்க் கடையிலும் வையுங்கள். பக்தி நூல் என்று அங்கேயும் செய்யுள் என்று இங்கேயும் ஒதுக்கி, இரண்டு இடத்திலும் கிடைக்காமல் செய்திருக்கிறோம்.

சென்ற வாரம் எழுதிய வாசகருக்குச் செய்யுள் அலுப்பாக இருந்தால், மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்து தொடங்கட்டும். 1879-ல் வந்த, தமிழின் முதல் நாவல், எழுதியவர் கிறிஸ்தவர். ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் இடம் வரை வந்துவிட்டால், அப்புறம் அவரே புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
தூத்துக்குடி மாவட்டம்.